வேலையிடத்தில் பெண்களின் உரிமை: பெயர், தேதி, கடிதம் கையில் இருக்கட்டும்

தொழிற்சாலையில் காலையில் அட்டை தட்டும் இடம், அலுவலகத்தின் அறிவிப்புப் பலகை, தோட்டத்தில் பெரட்டுக் களத்தை ஒட்டிய சுவர் என்று ஊழியர்கள் கண்ணில் படும் ஏதாவது ஓர் இடத்தில் பாலியல் தொல்லை குறித்த எச்சரிக்கை அறிவிப்பு எப்போதும் தொங்க வேண்டும். இது முதலாளியின் விருப்பத்தைப் பொறுத்ததன்று. 2023 ஜனவரி 1 முதல் சட்டம் அவர் மீது சுமத்தியுள்ள கடமை.

அந்த அறிவிப்பைத் தம் வேலையிடத்தில் பார்த்தவர்கள் எத்தனை பேர்? பார்த்திருந்தாலும், அதன் பின்னால் உள்ள சட்டம் என்ன சொல்கிறது, எந்த அலுவலகத்தில் புகார் செய்வது, எத்தனை நாளுக்குள் செய்வது என்று தெரிந்தவர்கள் எத்தனை பேர்?

மலேசியாவில் வேலை செய்யும் வயதுப் பெண்களில் ஏறக்குறைய 56 விழுக்காட்டினரே தொழிலாளர் சந்தையில் இருக்கின்றனர். ஆண்களிடையே அது 80 விழுக்காட்டைத் தாண்டுகிறது. படித்து முடித்து வேலைக்குச் சேரும் பெண்கள் பலர் திருமணம், பிள்ளைப்பேறு, வேலையிடத் தொல்லை ஆகியவற்றால் பாதியிலேயே வீட்டுக்குத் திரும்பிவிடுகின்றனர். அவர்களைத் தாங்கிப் பிடிக்கச் சட்டம் கடந்த சில ஆண்டுகளில் வெகுவாக மாறியிருக்கிறது. ஆனால் இந்தச் சட்டங்கள் தாமாக வந்து கதவைத் தட்டுவதில்லை. பதிவேட்டில் பெயர் இருப்பவர்க்கும், தேதி குறித்து எழுத்தில் கேட்பவர்க்குமே அவை முழுமையாகப் பயன்படுகின்றன.

1941இல் கிள்ளான் தோட்டங்கள் கேட்டது

வேலையிடத்தில் பெண்ணின் மதிப்பு பற்றிய பேச்சு அண்மையில் பட்டணத்து அலுவலகங்களில் பிறந்தது என்று எண்ணுவோர் உண்டு. தோட்டத் தமிழர்களின் வரலாறு வேறு கதை சொல்கிறது.

1920களின் இறுதியில் மலாயாவில் இந்தியத் தோட்டத் தொழிலாளர்களுக்கு முக்கிய வட்டாரங்களில் நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. விடியுமுன் எழுந்து, பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, ஆண் வெட்டும் அதே வகை மரத்தில் பால் வெட்டிய பெண்ணுக்கு ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இந்த வேறுபாடு எந்தத் துரையும் மறைத்துச் செய்ததல்ல; அரசாங்கமே வகுத்த விகிதம்.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் மூண்டது. பத்திரிகையாளர் ஆர்.எச்.நாதன் அதன் தலைவர்களுள் ஒருவர். தொழிலாளர்கள் முன்வைத்த கோரிக்கைகளில் கூலி உயர்வு, மருத்துவ வசதி, பிள்ளைகளுக்குக் கல்வி, கள்ளுக்கடைகளை மூடுதல், துரைக்கு முன்னால் மிதிவண்டியில் இறங்காமல் செல்லும் உரிமை ஆகியவை இருந்தன. அவற்றோடு இன்னொன்றும் இருந்தது. வெள்ளைத் துரைமாரும் அவர்களைப் போலவே நடந்துகொண்ட ஆசிய அதிகாரிகளும் தொழிலாளர் வீட்டுப் பெண்களிடம் அத்துமீறுவதை நிறுத்த வேண்டும் என்பதே அது.

வேலைநிறுத்தத்தைப் படை கொண்டு அடக்கினர். தொழிலாளர்கள் உயிரிழந்தனர், நாதன் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். இன்று 'வேலையிடப் பாலியல் தொல்லை' என்று சட்டம் பெயரிட்டு அழைப்பதைத் தோட்டத் தமிழர்கள் 80 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு தொழிலாளர் கோரிக்கையாக எழுதிக் கொடுத்திருந்தனர் என்பது நினைவில் நிற்க வேண்டிய செய்தி.

ஆசிரியைகள் தொடங்கிய சம்பளப் போராட்டம்

கூலி வேறுபாடு தோட்டத்தோடு நிற்கவில்லை. அரசாங்கப் பணியிலும் ஒரே தகுதி, ஒரே வேலை என்றிருந்தும் பெண்ணுக்குக் குறைந்த சம்பளமே வழங்கப்பட்டது. இதை எதிர்த்தவர்களில் முன்னணியில் நின்றவர் ராசம்மா பூபாலன். இளம் வயதில் நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தவர். பின்னர் ஆசிரியை ஆனவர். 1960இல் அமைந்த பெண் ஆசிரியர் சங்கத்தின் தலைவராக, சம வேலைக்குச் சம சம்பளம் என்ற கோரிக்கையை அவர் முன்னெடுத்தார். 1963இல் உருவான தேசிய மகளிர் அமைப்புகளின் மன்றமும் அதை வலியுறுத்தியது. 1969இல் அரசாங்கப் பணியில் சம சம்பளம் நடைமுறைக்கு வந்தது.

தனியார் துறையின் நிலை வேறு. சம மதிப்புள்ள வேலைக்குச் சம ஊதியம் வழங்குவது பற்றிய அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பின் 100ஆம் சாசனத்தை மலேசியா 1997இல் ஏற்றுக்கொண்டது. ஆயினும் தனியார் துறைக்கென்று தனியான சம சம்பளச் சட்டம் இதுவரை இல்லை. அடிமட்டத்தில் ஆண், பெண் வேறுபாட்டைத் தடுத்து நிறுத்துவது குறைந்தபட்சச் சம்பள ஆணை. 2013இல் தீபகற்பத்தில் மாதம் 900 வெள்ளியாகத் தொடங்கிய அது, 2025இல் 1,700 வெள்ளி ஆனது. அந்த ஆண்டு பிப்ரவரி 1 முதல் ஐவர் அல்லது அதற்கு மேற்பட்டோரை வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனங்களுக்கும், ஆகஸ்ட் 1 முதல் மற்ற முதலாளிகளுக்கும் அது கட்டாயமானது. ஆணுக்கு ஒரு தொகை, பெண்ணுக்கு ஒரு தொகை என்ற பேச்சு அதில் இல்லை. வெட்டிய பாலின் எடைக்கோ வெட்டிய குலைக்கோ கூலி வாங்குவோரும் அந்த ஆணைக்குள் அடங்குவர்.

அரசியலமைப்பு எதுவரை காக்கும்?

கூட்டரசு அரசியலமைப்பின் 8(2) பிரிவு சமயம், இனம், வம்சாவளி, பிறப்பிடம் ஆகியவற்றின் பேரில் பாகுபாடு காட்டக் கூடாது என்று முதலில் கூறியது. 2001இல் செய்த திருத்தம் அந்தப் பட்டியலில் 'பாலினம்' என்ற சொல்லையும் சேர்த்தது. பெண்களுக்கு எதிரான எல்லா வகைப் பாகுபாடுகளையும் ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையை மலேசியா 1995இலேயே ஏற்றிருந்தது.

இந்தப் பிரிவு யாரைக் காக்கும், யாரைக் காக்காது என்பதை இரு வழக்குகள் காட்டுகின்றன. முதலாவது, ஒரு விமானப் பணிப்பெண் தொடுத்தது. அவருடைய பணிப் பிரிவில் இருந்த பெண்கள் கர்ப்பமானால் பதவி விலக வேண்டும் என்று கூட்டு ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்தது. அவர் விலக மறுத்தார், வேலை போயிற்று. வழக்கு கூட்டரசு நீதிமன்றம்வரை சென்றது. அரசியலமைப்பின் சமத்துவப் பிரிவு அரசாங்கத்தின் செயலைத்தான் கட்டுப்படுத்தும், தனியார் ஒப்பந்தத்தைக் கட்டுப்படுத்தாது என்று 2005இல் முடிவானது.

இரண்டாவது, தற்காலிக ஆசிரியையாக நியமனம் பெற்ற ஒரு பெண் தொடுத்தது. அவர் கர்ப்பமாக இருப்பது தெரிந்ததும் நியமனத்தை ரத்து செய்தனர். 2011இல் ஷா ஆலம் உயர் நீதிமன்றம் அது பாலினப் பாகுபாடே என்று தீர்ப்பளித்தது. கர்ப்பம் பெண்ணுக்கே உரியது என்பதால், அதைக் காரணம் காட்டி வேலையை மறுப்பது பெண் என்பதற்காக மறுப்பதே ஆகும் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

கர்ப்பத்தைக் காரணமாக்கியதே இரண்டு வழக்குகளிலும் நடந்தது. அரசாங்க வேலையில் இருந்தவர் வென்றார். நிறுவன வேலையில் இருந்தவர் தோற்றார். தனியார் துறையில் வேலை செய்யும் பெரும்பான்மைப் பெண்களுக்கு அரசியலமைப்பைவிட 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டமே நெருக்கமான பாதுகாப்பு. மலாயில் 'அக்தா கெர்ஜா 1955' எனப்படும் இச்சட்டத்தில் செய்த பெரிய திருத்தங்கள் 2023 ஜனவரி 1இல் நடப்புக்கு வந்தன. கீழே வருவன தீபகற்ப மலேசியாவுக்கும் லாபுவானுக்கும் பொருந்தும். சபாவிலும் சரவாக்கிலும் தனித் தொழிலாளர் சட்டங்கள் உள்ளன. அரசு ஊழியர்களுக்கு அவர்களுடைய சேவை விதிகளே பொருந்தும். வீட்டு வேலை செய்வோருக்கு இச்சட்டத்தின் சில பகுதிகள் பொருந்தா.

பதிவேட்டில் யார் பெயர்?

உரிமைக் கணக்கு பிரசவத்திலோ புகாரிலோ தொடங்குவதில்லை. வேலை செய்பவரின் பெயர் பதிவாகியிருக்கிறதா என்பதில் தொடங்குகிறது.

செம்பனைத் தோட்டங்களில் இது பழைய சிக்கல். கணவர் குலை வெட்டுவார். மனைவி உடன் சென்று உதிரிப் பழம் பொறுக்கி மூட்டை கட்டுவார். எடை கூடும், கூலியும் கூடும். ஆனால் செக்ரோலில் ஏறுவது கணவர் பெயர் மட்டுமே. மனைவி ஆண்டுக்கணக்கில் உழைத்தாலும் அவர் பெயரில் சம்பளச் சீட்டு இல்லை, சேமநிதி இல்லை, சொக்சோ இல்லை. காட்டில் விழுந்து காலை முறித்துக்கொண்டால் 'இவர் இங்கே வேலை செய்யவில்லை' என்று நிர்வாகம் ஒரு வரியில் முடித்துவிட இடமுண்டு. மகப்பேறு ஊதியமும் கேட்க முடியாது. இருவர் செய்யும் வேலைக்கு இருவர் பெயரும் பதிவாக வேண்டும் என்று குடும்பமாகக் கேட்பதே இதற்கு வழி. தொழிற்சங்கம் உள்ள தோட்டமென்றால் அதன் மூலமாகவும் கேட்கலாம்.

பட்டணத்தில் இது வேறு உருவில் வருகிறது. பள்ளியிலும் மருத்துவமனையிலும் குத்தகை நிறுவனங்களின் கீழ்த் துப்புரவு வேலை செய்யும் பெண்கள் பலரும், குத்தகை கைமாறும்போது அதே கட்டடத்தில் அதே வேலையைப் புதிய ஊழியராகத் தொடங்குகின்றனர். இன்னும் சிலருக்கு நியமனக் கடிதமே கிடையாது.

கடிதம் இல்லை என்பதாலேயே ஒருவர் தொழிலாளர் அல்ல என்று இனிச் சொல்லிவிட முடியாது. வேலை செய்யும் முறையையோ நேரத்தையோ ஒருவர் கட்டுப்படுத்துகிறார், கருவிகளைத் தருகிறார், வேலை அவருடைய தொழிலின் ஒரு பகுதியாக இருக்கிறது, முறையாகக் கூலி தருகிறார் என்பது போன்ற அடையாளங்கள் இருந்தால், எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் அவரை முதலாளியாகவும் வேலை செய்பவரைத் தொழிலாளியாகவும் கருதலாம். புதிய 101சி பிரிவு இதைச் சொல்கிறது. அது இல்லை என்று காட்டும் பொறுப்பு மறுப்பவரைச் சேரும்.

கர்ப்பமும் 98 நாளும்

மகப்பேறு விடுமுறை 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்துள்ளது. இது தொடர்ச்சியான 98 நாள். இடையில் வரும் ஞாயிறும் பொது விடுமுறையும் அதற்குள் அடங்கும். பிரசவத்துக்கு 30 நாளுக்கு முன்புவரை விடுமுறையைத் தொடங்கலாம். 22 வாரக் கர்ப்பத்துக்குப் பிறகு குழந்தை பிறந்தால், அது உயிருடன் பிறந்தாலும் இறந்து பிறந்தாலும், பிரசவம் என்றே சட்டம் கொள்கிறது. குழந்தையை இழந்த தாய்க்கும் அந்த 98 நாள் உண்டு.

விடுமுறைக்கும் விடுமுறை ஊதியத்துக்கும் வேறுபாடு இருக்கிறது. ஊதியம் பெற இரண்டு நிபந்தனைகள் உள்ளன. பிரசவத்துக்கு முந்திய நான்கு மாதத்தில் ஏதாவது ஒரு காலத்திலாவது அந்த முதலாளியிடம் வேலையில் இருந்திருக்க வேண்டும். முந்திய ஒன்பது மாதத்தில் மொத்தம் 90 நாளுக்குக் குறையாமல் அவரிடம் பணியாற்றியிருக்க வேண்டும். ஏற்கெனவே ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளைகள் உயிருடன் இருந்தால் விடுமுறை உண்டு, ஊதியம் கிடையாது. பிரசவத்தை எதிர்பார்க்கும் நாளையும் விடுமுறை தொடங்கும் நாளையும் அதற்கு முந்திய 60 நாளுக்குள் முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும்.

கர்ப்பிணியையோ கர்ப்பத்தால் உடல்நலம் குன்றியவரையோ வேலையிலிருந்து நீக்குவதும், நீக்குவதாக நோட்டீஸ் கொடுப்பதும் 41ஏ பிரிவின்படி குற்றம். மூன்று விதிவிலக்குகள் மட்டுமே உள்ளன. வேண்டுமென்றே ஒப்பந்தத்தை மீறுவது, தவறான நடத்தை, நிறுவனம் மூடப்படுவது. 'கர்ப்பத்துக்காக நீக்கவில்லை, வேறு காரணம்' என்று முதலாளி சொன்னால் அதை நிரூபிக்க வேண்டியவரும் அவரே.

இதைத் தெரிந்துகொண்ட சிலர் நீக்கல் கடிதம் கொடுப்பதில்லை. மாறாக, 'நீயே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடு, பிள்ளை பெற்ற பிறகு பார்க்கலாம்' என்று இதமாகப் பேசுவார்கள். அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டால், அது கட்டாயத்தால் நடந்தது என்று பிறகு நிரூபிக்கும் பாடு அந்தப் பெண்ணுடையதாகிவிடும். கையெழுத்துப் போடுமுன் ஒரு நாள் அவகாசம் கேட்பது யாருக்கும் உள்ள உரிமை.

தந்தைக்கு ஏழு நாள்

மனைவியின் பிரசவத்துக்காகத் திருமணமான ஆண் தொழிலாளிக்குச் சம்பளத்துடன் தொடர்ச்சியாக ஏழு நாள் விடுமுறை உண்டு. ஐந்து பிரசவம்வரை இது கிடைக்கும். அதே முதலாளியிடம் குறைந்தது 12 மாதம் வேலை செய்திருக்க வேண்டும். எதிர்பார்க்கும் பிரசவ நாளுக்கு 30 நாளுக்கு முன்போ, பிள்ளை பிறந்த பின் இயன்ற விரைவிலோ தெரிவிக்க வேண்டும்.

இதை ஆண்களின் சலுகை என்று ஒதுக்கிவிட முடியாது. பிள்ளை வளர்ப்பு பெண்ணின் வேலை மட்டுமே என்ற எண்ணம் இருக்கும்வரை, பெண்ணை வேலைக்கு எடுக்கும்போது முதலாளி அந்த 98 நாளை மட்டுமே கணக்குப் பார்ப்பார். தந்தையும் விடுமுறை கேட்கும் வேலையிடத்தில் அந்தக் கணக்கு கொஞ்சமாவது மாறும்.

வேலை நேரம்

வாராந்திர வேலை நேர வரம்பு 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்திருக்கிறது. இன்னொரு மாற்றம், நெகிழ்வான வேலை ஏற்பாடு. வேலை நேரம், வேலை நாள், வேலை இடம் ஆகியவற்றை மாற்றித் தரும்படி எழுத்துமூலம் கேட்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்திலேயே பதில் தர வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். தர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பதில் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் உண்டு. பள்ளிப் பிள்ளையை அழைத்துவர அரைமணி முன்னதாகத் தொடங்கி அரைமணி முன்னதாக முடிக்கக் கேட்பதும் இதில் அடங்கும். இயந்திரத்தின் முன்னாலும் காட்டிலும் வேலை செய்பவர்க்கு வேலை இடத்தை மாற்றுவது கடினம் என்றாலும், நேரத்தை மாற்றக் கேட்க வழியிருக்கிறது.

தொழிற்சாலையிலும் தோட்டத்திலும் பெண்கள் இரவு 10 மணி முதல் காலை 5 மணிவரை வேலை செய்வதற்கு இருந்த தடை நீங்கிவிட்டது. சுரங்க வேலைக்கான தடையும் நீங்கியது. ஓவர்டைம் வருமானத்தையும் 'ஷிப்ட்' பொறுப்பாளர் பதவிகளையும் இழந்து நின்ற பெண்களுக்கு இது வாய்ப்பு. இரவு வேலை முடிந்து பாதுகாப்பாக வீடு திரும்பப் போக்குவரத்து உண்டா என்று வேலைக்குச் சேரும்போதே கேட்டுக்கொள்வது நல்லது.

பாகுபாடு என்று புகார் செய்யலாமா?

செய்யலாம். 2023இல் சேர்ந்த 69எஃப் பிரிவு அதற்கு வழி தருகிறது. வேலையில் பாகுபாடு காட்டப்பட்டது என்று தொழிலாளிக்கும் முதலாளிக்கும் இடையே எழும் பிரச்சினையைத் தொழிலாளர் துறைத் தலைமை இயக்குநர் விசாரித்து ஆணையிடலாம். ஆணையைப் பின்பற்றாத முதலாளிக்கு 50,000 வெள்ளிவரை அபராதம். குற்றம் தொடர்ந்தால் நாள் ஒன்றுக்கு 1,000 வெள்ளிவரை கூடும்.

பாகுபாடு என்றால் எது என்று சட்டம் விளக்கம் எழுதவில்லை. ஆகவே பாலினம், கர்ப்பம், இனம், சமயம், உடற்குறை என எந்தக் காரணத்தையும் முன்வைத்துப் புகார் எழுத இடமிருக்கிறது. ஒரே ஆண்டில் சேர்ந்து, ஒரே வேலை செய்யும் இருவரில் பெண்ணுக்கு மட்டும் சம்பளம் குறைவு, பயிற்சி இல்லை, பதவி உயர்வு இல்லை என்றால் இந்த வழியில் கேட்கலாம்.

இதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. பிரிவு பேசுவது தொழிலாளிக்கும் முதலாளிக்கும் இடையிலான பிரச்சினையைப் பற்றி. இன்னும் வேலைக்கே சேராதவர் அதற்குள் வரவில்லை. நேர்முகத் தேர்வில் 'எப்போது கல்யாணம், எப்போது பிள்ளை?' என்று கேட்டு ஒதுக்கப்பட்ட பெண்ணுக்கும், விளம்பரத்திலேயே தம் இனம் வேண்டாம் என்று படித்தவர்க்கும் இந்தப் பிரிவு கை கொடுக்காது. வேலை தேடுவோரையும் காக்கும் சட்டம் தேவை என்ற கோரிக்கை நிலுவையில் இருப்பது இதனால்தான்.

பாலியல் தொல்லை: இரண்டு வாசல்

பேச்சு, பார்வை, சைகை, படம், தொடுதல் என எந்த உருவில் வந்தாலும், விரும்பாதவர் மீது பாலியல் நோக்கில் செலுத்தப்பட்டு, அவரை இழிவுபடுத்துவதோ புண்படுத்துவதோ அச்சுறுத்துவதோ தொல்லையே. வாட்ஸ்அப்பில் வரும் படமும் இதில் சேரும். பாதிக்கப்பட்டவர் ஆணாகவும் இருக்கலாம்.

முதல் வாசல் வேலையிடம். முதலாளியிடம் புகார் கொடுத்தால் அவர் விசாரிக்க வேண்டும். விசாரிக்க மறுத்தால் 30 நாளுக்குள் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். தொல்லை நிரூபணமானால் பதவி இறக்கம், நீக்கம் உட்பட நடவடிக்கை எடுக்க வேண்டும். புகாரைக் கிடப்பில் போட்டால் தொழிலாளர் இலாகாவுக்குச் செல்லலாம். கடமை தவறும் முதலாளிக்கு 50,000 வெள்ளிவரை அபராதம் உண்டு. தொல்லை கொடுத்தவர் கடையின் தனி உரிமையாளரே என்றால், தம்மைத் தாமே அவர் விசாரிப்பது எப்படி? அந்த நிலையில் தொழிலாளர் இலாகாவே நேரடியாக விசாரிக்கும்.

இரண்டாவது வாசல், 2022ஆம் ஆண்டு பாலியல் தொல்லை எதிர்ப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த தீர்ப்பாயம். மகளிர், குடும்ப, சமூக மேம்பாட்டு அமைச்சின் கீழுள்ள இது 2024 மார்ச் 8இல் செயல்படத் தொடங்கியது. வேலையிடத்தில் நடந்ததானாலும் பேருந்தில் நடந்ததானாலும் இங்கே வரலாம். விசாரணை பொதுமக்களுக்குத் திறந்ததல்ல. பொதுவாக வழக்கறிஞர் தேவையில்லை; புகார்தாரரே பேசலாம். முதல் விசாரணை நாளிலிருந்து 60 நாளுக்குள் முடிவு சொல்ல முயல வேண்டும். மன்னிப்புக் கேட்கவும், 250,000 வெள்ளிவரை இழப்பீடு கொடுக்கவும் தீர்ப்பாயம் உத்தரவிடலாம். பெயர் வெளியே வரும், வக்கீலுக்குப் பணம் வேண்டும் என்ற இரண்டு அச்சங்களால் வாய் திறக்காத பெண்களை எண்ணிப் பார்த்தால் இந்த ஏற்பாட்டின் பயன் விளங்கும்.

தொடுதலோ மிரட்டலோ குற்றச்செயலாக இருந்தால் போலீசில் புகார் செய்யும் உரிமை எப்போதும் உண்டு.

மருந்துத் தெளிப்பு யார் வேலை?

வேலையைப் பங்கிடும் விதத்திலும் பாகுபாடு ஒளிந்திருக்கும். தோட்டங்களில் களைக்கொல்லி, பூச்சிமருந்து தெளிக்கும் வேலை நீண்ட காலமாகப் பெரும்பாலும் பெண்கள் கையில் விடப்பட்டது. முதுகில் பம்பு, முகத்தில் ஒரு துணி, வீட்டில் கைக்குழந்தை என்று அந்தப் பெண்கள் வேலை செய்தனர். ஐரின் பெர்னாண்டஸ் 1991இல் நிறுவிய தெனாகானித்தா அமைப்பு இந்தப் பெண்களின் உடல்நலம் பற்றி ஆய்வு நடத்தி 2002இல் வெளியிட்டது. பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு அந்த ஆண்டில் அறிவித்த தடையை 2006இல் தளர்த்தினர். கடைசியில் 2020 ஜனவரி 1இல்தான் அது முழுமையாகத் தடையானது.

வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1இல் நடப்புக்கு வந்தது. உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமாக நம்பும் தொழிலாளி அதை முதலாளியிடம் சொல்லி, அவர் அதை நீக்க நடவடிக்கை எடுக்காவிட்டால், அந்த இடத்தைவிட்டு விலகலாம். அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது. முகமூடியும் கையுறையும் தராமல் 'போய் அடி' என்று சொல்லும் மண்டோருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தெளிக்கும் பெண்ணுக்கு இன்னும் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும்.

எங்கே போவது, எத்தனை நாளுக்குள்?

1. மகப்பேறு ஊதியம், குறைந்தபட்சச் சம்பளம், பாகுபாடு, பாலியல் தொல்லைப் புகாரை முதலாளி விசாரிக்காதது: அருகிலுள்ள தொழிலாளர் இலாகா. மலாயில் 'ஜாபாத்தான் தெனாகா கெர்ஜா'. ஊரில் 'லேபர் ஆபீஸ்'.

2. நியாயமின்றி வேலை நீக்கம், கட்டாய ராஜினாமா: தொழிலியல் உறவு இலாகா. மலாயில் 'ஜாபாத்தான் பெர்ஹுபுங்கான் பெருசஹாஆன்'. வேலை போன நாளிலிருந்து 60 நாளுக்குள் மனு கொடுக்க வேண்டும். அந்த நாள் தாண்டினால் மனு ஏற்கப்படாது.

3. பாலியல் தொல்லைக்கு இழப்பீடு: பாலியல் தொல்லை எதிர்ப்புத் தீர்ப்பாயம்.

4. யாரிடம் கேட்பது என்றே தெரியாத நிலை: மகளிர் அமைச்சின் 'தாலியான் காசே' எண் 15999.

இரண்டாவதில் உள்ள 60 நாளைத் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். 'பேசித் தீர்த்துக்கொள்ளலாம், திரும்ப எடுத்துக்கொள்கிறோம்' என்ற வாய்வார்த்தையை நம்பி மூன்றாவது மாதம் இலாகாவுக்குப் போனால் வழி அடைபட்டிருக்கும். பேச்சு நடந்தாலும் மனுவைக் கொடுத்து வைப்பதில் தவறில்லை.

எழுதி வைக்கும் முறை

புகாரில் இலக்கிய நடை வேண்டாம். என்று, எத்தனை மணிக்கு, எங்கே, யார், என்ன செய்தார் அல்லது சொன்னார், அப்போது உடனிருந்தவர் யார் என்ற ஆறு செய்திகளும் இருந்தால் போதும். சொன்ன சொல்லைச் சொன்னபடியே எழுத வேண்டும். கூச்சப்பட்டு மாற்றி எழுதினால் புகாரின் வலு குறையும். நடந்த அன்றே ஒரு நோட்டில் குறித்து வைப்பது, ஆறு மாதம் கழித்து நினைவிலிருந்து சொல்வதைவிட மேல்.

கடிதத்தை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் 'பெற்றுக்கொண்டேன்' என்று தேதியுடன் கையொப்பம் வாங்க வேண்டும். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளலாம். வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காமல் படம்பிடித்து வேறு ஒருவரிடமும் கொடுத்து வைப்பது நல்லது. சம்பளச் சீட்டு, நியமனக் கடிதம், கிளினிக்கின் கர்ப்பப் பதிவேட்டின் பிரதி, எம்.சி. தாள்கள் ஆகிய எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு வீட்டில் வைக்க வேண்டும்; வேலையிடத்து அலமாரியில் அல்ல. மலாயில் எழுதத் தயங்கும் மூத்த பெண்களுக்குப் படித்த பிள்ளைகள் ஒரு மாலை உட்கார்ந்து எழுதிக் கொடுத்தால், அதுவே பெரிய உதவி.

1941இல் கோரிக்கையை எழுதிக் கொடுத்தவர்களுக்குப் பின்னால் எந்தச் சட்டமும் இல்லை. எதிரே படை நின்றது. இன்று சட்டம் இருக்கிறது, இலாகா இருக்கிறது, தீர்ப்பாயம் இருக்கிறது. நாளை வேலைக்குப் போகும்போது அறிவிப்புப் பலகையை ஒருமுறை பாருங்கள். பாலியல் தொல்லை அறிவிப்பு அங்கே இல்லையென்றால், முதல் கடிதத்தை அதைக் கேட்டே எழுதலாம்.